‘தினப்படி உபயோகத்துக்கும் ஆகும்’: ஓர் இடைச்செருகல் ஆராய்ச்சி

“விலை குறைவா, பழசா, பின்சக்கரத்தில் ஓடுற கார் ஒண்ணு வாங்கணும். சறுக்கி ஓட்டிப் பழகலாம், தினப்படி உபயோகத்துக்கும் ஆகும்.” நாற்பத்திரண்டு வயதில் நான் இதை உரக்கச் சொன்னேன் என்பதற்கு என் மனைவி சாட்சி. சொல்லி முடித்து அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கே ஓர் ஐயம் எழுந்தது. இந்த வாக்கியத்தை ஒரே ஆசிரியர் எழுதியிருக்க முடியாது. முற்பாதியின் நடை வேறு, பிற்பாதியின் நடை வேறு. சறுக்க ஆசைப்படுகிறவன் வாயில் ‘உபயோகம்’ என்ற சொல் தானாக வராது. ஆகவே ‘தினப்படி உபயோகத்துக்கும் ஆகும்’ என்ற தொடர் மூலபாடத்தில் இல்லை, வீட்டாரின் பார்வைக்கு அஞ்சிப் பிற்காலத்துக் கை ஒன்று நுழைத்த இடைச்செருகல் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

இலக்கணமும் இதற்குத் துணை நிற்கிறது. ‘உபயோகத்துக்கும்’ என்பதில் உள்ள உம்மை எச்சவும்மை. வேறொன்று ஏற்கெனவே இருக்கிறது, அதோடு இதுவும் என்று பொருள்படும். அந்த வேறொன்று எது என்பதை வீட்டில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் ‘தினப்படி’ என்ற அடைமொழி அத்தனை அழுத்தமாக வருகிறது.

‘டிரிஃப்ட்’ என்பதற்குத் தமிழ் என்ன என்பது அடுத்த சிக்கல். ‘சறுக்கல்’ என்று வைத்துக்கொண்டால், நம் மொழியில் அது பெரும்பாலும் வியாபாரத்தில் நேர்வது, அல்லது தேர்தலில். யானைக்கும் அடி சறுக்கும் என்ற பழமொழியில் வருவது உயர்வு சிறப்பும்மை. அவ்வளவு பெரிய யானையே சறுக்கும் என்ற ஆறுதல். யானை காசு கொடுத்துப் பழகிச் சறுக்கும் என்று நம் முன்னோர் எங்கும் சொல்லவில்லை. வேண்டுமென்றே சறுக்குவதற்கு ஒரு சொல் இல்லாத சமூகத்தில் அதற்கு ஒரு கார் தேடுவதன் இடர்ப்பாட்டை வாசகர் உணர்ந்திருப்பார்.

முன்சக்கர ஓட்டம், பின்சக்கர ஓட்டம் என்ற வேறுபாட்டை மட்டும் நம் தெருக்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றன. மாட்டு வண்டி முன்னால் இழுபடுகிறது. காய்கறித் தள்ளுவண்டி பின்னாலிருந்து தள்ளப்படுகிறது. தள்ளுவண்டிக்காரர் தெருமுனையில் திரும்பும்போது கைப்பிடியை ஒரு பக்கமாக இடித்துத் தள்ள, வண்டியின் பின்பாதி வெளிப்புறமாக வீசிக்கொண்டு போகும். தக்காளி ஒன்று உருளும். காரிலும் நடப்பது இதுதான். முன்சக்கரம் திசை காட்ட, பின்சக்கரம் உந்துகிறது. சாலை தாங்கும் பிடிமானத்தைவிட உந்துதல் கூடிப்போனால் பின்பகுதி பக்கவாட்டில் நழுவும். ஓட்டுநர் ஸ்டியரிங்கை எதிர்த்திசையில் திருப்பி, கால் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, அந்த நழுவலை விழாமல் வைத்திருக்க வேண்டும்.

ஆட்டோவும் பின்சக்கரத்தில்தான் ஓடுகிறது. அதன் ஓட்டுநர்கள் இக்கலையைச் செய்முறையாகவே வளர்த்துவருவதால், நூலறிவை மட்டும் நம்பும் இக்கட்டுரை அவர்களோடு போட்டியிடவில்லை.

இனி மூலநூல் மரபு. இக்கலையை ஒரு கலையாக்கியவர்கள் ஜப்பானியர்கள். 1961இல் மோட்டார் சைக்கிள் உலகப் போட்டியில் வென்ற முதல் ஜப்பானியரான தகஹாஷி குனிமிட்சு பின்னர் கார் பந்தயத்துக்கு வந்து, 1970களில் வளைவுக்குள் காரைச் சறுக்கவிட்டு நுழைந்தார். அதைப் பார்த்து ஊறிப்போன சுச்சியா கெய்ச்சி மலைப்பாதைகளில் பழகி, 1987இல் ‘ப்ளஸ்பி’ என்ற வீடியோவில் அதைக் காட்டினார். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட கார் டொயோட்டா கொரோலா ஏஇ86. 1983இல் வந்தது, 1,587 சிசி எஞ்சின். அந்தத் தலைமுறையில் மற்ற கொரோலாக்களெல்லாம் முன்சக்கர ஓட்டத்துக்கு மாறிவிட, இந்த இரண்டு கதவு வகை மட்டும் பழைய பின்சக்கர அமைப்பிலேயே விடப்பட்டது. சீர்திருத்தம் எட்டாத கடைசி வீடு போல. நாளாக ஆக அது மலிந்தது. மலிந்ததால் கையில் காசில்லாத இளைஞர்களிடம் போய்ச் சேர்ந்தது. ‘பழைய, மலிவான’ என்ற அடைமொழிகளின் வேர் இங்கே இருக்கிறது.

1995இல் ஷிகெனோ ஷுய்ச்சி ‘இனிஷியல் டி’ என்ற படக்கதையைத் தொடங்கினார். அதன் நாயகன் தோஃபு கடைக்காரரின் மகன். விடியுமுன்பே அப்பாவின் ஏஇ86இல் தோஃபு ஏற்றிக்கொண்டு மலையேறி ஒரு ஓட்டலுக்குக் கொண்டுபோய்ப் போடுவது அவன் வேலை. குவளையில் தண்ணீர் வைத்து, அது சிந்தாமல் ஓட்ட வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. அந்தப் பழக்கத்தில்தான் சறுக்கல் கை வந்தது. என் கருதுகோளுக்கு விழுந்த முதல் அடி இது. மூலநூலிலேயே அந்தக் கார் கடை வண்டி! தினப்படி உபயோகம் அங்கே இடைச்செருகலாக இல்லை, முதல் அத்தியாயமாக இருக்கிறது. நேர்மையான ஆய்வாளன் இத்தகைய சான்றை மறைப்பதில்லை, அடிக்குறிப்பில் போடுவான். இவ்விதழில் அடிக்குறிப்புக்கு இடமில்லை என்பதால் மேலே சொல்லிவிட்டேன்.

படக்கதை புகழ் பெற்றதும் மலிவு போயிற்று. நிசான் சில்வியாவுக்கும் அதே கதிதான். 25 ஆண்டு கடந்த வெளிநாட்டுக் காரை அப்படியே இறக்கிக்கொள்ளலாம் என்பது அமெரிக்கச் சட்டம். 1988இல் வந்த சில்வியாவுக்கு 2013இல் அந்த வாசல் திறந்தது, விலையும் ஏறியது. சறுக்குவார்கள் என்று தெரிந்தாலே விற்பவர் விலையைக் கூட்டிவிடும் வழக்கத்துக்கு ஆங்கிலம் பேசும் நாடுகளில் ‘டிரிஃப்ட் வரி’ என்றே பெயர்.

நம் ஊர் நிலைமைக்கு வருவோம். 1983 டிசம்பரில் மாருதி 800இன் முதல் சாவியை இந்திரா காந்தி கொடுத்த நாளிலிருந்து இந்தியக் கார் குலம் மெல்ல மெல்ல முன்சக்கரத்தால் இழுபடும் இனமாக மாறிற்று. பின்சக்கரத்தால் தள்ளப்படும் எஞ்சிய இனங்களைத் தேடிப் போனேன். அம்பாசடரும் பத்மினியும் முதலில் கிடைத்தன. இரண்டிலும் பழைய வகைகளில் கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே, முன்னிருக்கை ஒரே நீளப் பலகையாக ரெக்ஸின் போர்த்தியிருக்கும். இங்கே ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு: கார் சறுக்குவதற்கு வெகு முன்பே அதில் உட்கார்ந்திருப்பவர் சறுக்கிவிடுகிறார். கான்டெஸா 1984 முதல் 2002 வரை வந்தது. பிரிட்டனின் வாக்ஸால் காரின் உடலில் முதலில் அம்பாசடரின் எஞ்சினையே வைத்தார்கள், பிறகுதான் இசுஸு 1.8 லிட்டர் வந்து மானம் காத்தது. இன்று அதைச் சேகரிப்பவர்கள் விலையைத் தூக்கிவிட்டார்கள். நம் ஊர் டிரிஃப்ட் வரி, சறுக்காமலேயே. ஆம்னிக்கு 796 சிசி எஞ்சின் முன்னிருக்கைக்கு அடியில், உந்துவது பின்சக்கரம். முன்பக்கம் பாரம், பின்பக்கம் காலி. ஏட்டளவில் ஜாதகம் பொருத்தம்தான். ஆனால் ஒடுங்கிய, உயரமான உடல். நழுவுவதா சாய்வதா என்ற கேள்வியை அது நம்மிடம் விட்டுவிடும்.

தமிழ் மண்ணிலேயே தயாரான ஒன்றும் உண்டு. சென்னை ஸ்டாண்டர்டு நிறுவனம் 1985 முதல் 1988 வரை வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000. பிரிட்டனில் மூன்றரை லிட்டர் வி8 எஞ்சினோடு பறந்த ரோவர் எஸ்டி1இன் உடல் அது. இங்கே அதற்குள் பழைய வான்கார்டு கார் காலத்து இரண்டு லிட்டர் எஞ்சின். பீமனின் கவசத்தைப் போட்டுக்கொண்டு உத்தரன் வந்து நின்ற காட்சி. அதே நிறுவனத்தின் ஹெரால்டும் பின்சக்கர ஓட்டம்தான், அது பாவம், இதில் இழுக்க வேண்டாம்.

மேற்சொன்னவற்றில் எதை வாங்கினேன் என்பதை ஆய்வறம் கருதி மறைக்கிறேன். வாங்கும்போது கேட்ட வாய்மொழிப் பாடங்களை மறைக்கத் தேவையில்லை. “டாக்டர் ஓட்டின வண்டி சார்.” பழைய கார் தரகர்கள் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். இவ்வளவு கார்களையும் டாக்டர்கள்தான் ஓட்டினார்கள் என்றால் தமிழ்நாட்டில் வைத்தியம் பார்த்தது யார் என்ற வரலாற்றுக் கேள்வி எழுகிறது. “பெட்ரோல் போட்டா போதும், எடுத்துட்டுப் போயிட்டே இருக்கலாம்.” எங்கே போய்க்கொண்டே இருக்கலாம் என்பதைப் பாடம் சொல்லவில்லை, உரையாசிரியர்கள் ‘மெக்கானிக் கடைக்கு’ என்று கொள்வர். “சின்னதா டிங்கரிங் வேலை இருக்கும்.” இதில் ‘சின்னதா’ என்பது காரின் மிச்சமிருக்கும் தகரத்தின் அளவைக் குறிக்கும். பட்டி பூசிய இடத்தை விரலால் தட்டிப் பார்த்தேன். தகர ஒலி வரவில்லை, சுவரைத் தட்டிய ஒலி வந்தது. “எஃப்.சி. லைவ்ல இருக்கு சார்” என்றார் தரகர். உயிரோடிருந்த ஒரே பகுதி அதுதான்.

பதிவு செய்து 15 ஆண்டு முடிந்தால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை. கார்களுக்கு 600 ரூபாயாக இருந்த பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. பசுமை வரி தனி. மலிவு என்ற சொல்லின் ஆயுள் ஆர்.டி.ஓ. அலுவலக வாசல் வரைதான்.

வண்டியைப் புதுப்பேட்டையில் ஒரு பாய் கடைக்கு ஓட்டிப் போனேன். பின்சக்கரம் இரண்டையும் ஒன்றாகச் சுழல வைப்பதுதான் என் திட்டம். சாதாரண டிஃபரன்ஷியல், திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓடட்டும் என்று இரண்டுக்கும் தனித்தனி வேகம் கொடுக்கிறது. நல்ல குணம்தான். ஆனால் ஒரு சக்கரம் பிடிமானம் இழந்தால் அதை மட்டும் வெறுமனே சுழலவிட்டு, மற்றதைச் சும்மா உட்கார வைத்துவிடும், சறுக்கல் நீடிக்காது. அதற்கென்றே தடுப்பு வைத்த டிஃபரன்ஷியல் விலை அதிகம் என்பதால், காசில்லாதவர்கள் உள்ளிருக்கும் பற்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவார்கள்.

“பாய், இதை வெல்டு பண்ணிடலாமா?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். “பண்ணலாம் சார். உங்க வீடு எந்தத் தெரு?”

சொன்னேன்.

“அந்த முட்டுச்சந்துல எப்படி சார் திரும்புவீங்க? டயர் தரையில தேஞ்சு கிறீச்சுனு கத்தும். டயர் காலி, ஆக்ஸில் காலி. அப்புறம் தெருவே எட்டிப் பார்க்கும்.”

கருதுகோளை எந்தப் பல்கலைக்கழகமும் இவ்வளவு சுருக்கமாகச் சோதித்திருக்காது. சறுக்கலும் தினப்படியும் ஒரு பற்சக்கரப் பெட்டிக்குள் சேர்ந்து வாழாது. வெல்டிங் வேண்டாம் என்று சொல்லி, கிளட்ச் பிளேட் மட்டும் மாற்றிக்கொண்டு திரும்பினேன்.

வலிமையும் போதவில்லை. 1991இல் சில்வியாவுக்கு வந்த டர்போ எஞ்சின் 205 குதிரைத்திறன். பழைய பெட்ரோல் அம்பாசடருக்குச் சுமார் 50. காய்ந்த தார்ச்சாலையில் 50 குதிரையால் டயரின் பிடியை விடுவிக்க முடியாது. ஐப்பசி மழைதான் ஏழையின் டர்போ. ஆனால் மழையில் எங்கே ஓட்டுவது? பொதுச்சாலையில் செய்தால் ஆபத்தாக ஓட்டுவதைத் தண்டிக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு இருக்கிறது, எதிரே வருகிறவர் வீட்டிலும் யாரோ காத்திருப்பார்கள்; இந்த இடத்தில் மட்டும் இக்கட்டுரை விளையாடவில்லை. முறையான இடம் பந்தயத் தடம். ஒருகாலத்தில் சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தடம் திறந்தது. கோவைப் பக்கம் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டைக்குப் போக மூன்று ஞாயிறுகள் குறித்தேன். ஒரு ஞாயிறு வளைகாப்பு. ஒரு ஞாயிறு மாவு மில்லு. மூன்றாவது ஞாயிறு வண்டி புறப்படவே இல்லை. தடம் வரைக்கும் பத்திரமாகப் போய்ச் சேர்வதுதான் தினப்படி உபயோகம் என்பது அன்று விளங்கிற்று.

பதினெட்டு மாதம் கழித்து, முறைப்படி, பெட்ரோல் கணக்கு எழுதிய நோட்டை எடுத்துப் படியெடுத்தேன். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, சிலிண்டர், மாமாவுக்குக் கண் ஆபரேஷன், தாம்பரம் ரயில் நிலையம், ரயில் நிலையம், ரயில் நிலையம். சறுக்கல் என்று ஒரு வரி இல்லை. அப்போதுதான் என் பாடபேத ஆய்வு தலைகீழாகப் புரண்டது. பழமையான, உறுதியான, எல்லாப் பிரதிகளிலும் காணப்படும் மூலபாடம் ‘தினப்படி உபயோகத்துக்கு ஆகும்’ என்பதே. ‘சறுக்கி ஓட்டிப் பழகலாம்’ என்பது ஒரே ஒரு பிரதியில், அதுவும் என் வாயில் மட்டும் இருக்கிறது. இடைச்செருகல் எது என்று மாணவனும் சொல்லிவிடுவான்.

ஒரு விதிவிலக்கைப் பதிவு செய்ய வேண்டும். சென்ற ஐப்பசியில், விடியற்காலை நான்கு மணிக்கு, கோயம்பேட்டுக்குக் காய்கறி வாங்கப் போனோம். முன்னால் என் மாமியார். பின்னால் காலிப் பைகள். இரவெல்லாம் மழை. வளாகத்துக்குள் நடைவேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் திரும்பினேன். தரையில் மிதிபட்டுக் கூழாகிக் கிடந்த முட்டைக்கோஸ் இலைகள்மேல் பின்சக்கரம் ஏறியதும், வண்டியின் பின்பாதி மெதுவாக, மரியாதையாக, வலப்பக்கம் கிளம்பியது. கை தானாக ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிற்று. பக்கத்தில் ஆளில்லை. இரண்டு நொடி இருக்கும். அந்த இரண்டு நொடியும் நான் தோஃபு கடைக்காரர் மகன். பிறகு வண்டி நேராகி நின்றது. அத்தை கையிலிருந்த ஃபிளாஸ்க் மூடியைப் பார்த்தேன். ஒரு சொட்டுக் காபி சிந்தவில்லை. அவர் அதற்குமுன்பே குடித்து முடித்திருந்தார்.

“மாப்ள, கீரைக்காரம்மாவைத் தாண்டி வந்துட்டீங்க,” என்றார். “கொஞ்சம் பின்னால எடுங்க.”