கேளுங்கள், முடக்க மாட்டோம்

விக்கிப்பீடியாவில் என் கணக்கை முடக்கிவிட்டார்கள். சம்பளமே வாங்காத நிர்வாகிக்கு இவ்வளவு அதிகாரமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

கோயில் ஆண்டுக்கூட்டம் எதற்கும் போனதே இல்லையா, ஐயா? முறையீடு செய்யுங்கள். முடக்கியவரை விட்டு வேறொரு நிர்வாகி பார்ப்பார்.

நான் திருத்த, அவர் மாற்ற, மறுபடி நான் திருத்த… மாட்டியது நான் மட்டும்!
– வாசகி, கிள்ளான்

நான்காவது தடவை கைவைத்தது யார்? ஆங்கில விக்கிப்பீடியாவில் பிறர் திருத்தத்தை நீக்கிப் பழையபடி மாற்றுவது ஒரு பக்கத்துக்கு 24 மணி நேரத்தில் மூன்று தடவைதான். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும்.

தப்பே செய்யாமல் மாட்டியவர் உண்டா?
– வாசகர், ஷா ஆலாம்

கத்தார் நாடே உண்டு. 2007 புத்தாண்டையொட்டி, யாரோ செய்த குறும்புக்கு ஓர் ஐபி முகவரியை முடக்கினார்கள். அப்போது அநேகமாக நாடு முழுவதற்கும் அந்த ஒன்றுதான்! உங்கள் ஆபீஸ் வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள்?