துப்புக் குடுக்கவும் துப்பு வேணும்

பட்டிப்பொங்கல் அன்னைக்கு ராத்திரி எங்க ஆசாரத்துல ஒரு தகராறு நடந்ததுங்க. வரப்புத் தகராறும் இல்லை, வாய்க்கால் தகராறும் இல்லை. இட்லித் தகராறு. அதுவும் அடுப்புல வெந்த இட்லி இல்லைங்க; பழைய கல்யாணப் பத்திரிகையை நறுக்கி, பின்பக்கத்துல பேனாவால எழுதின இட்லி.

லீவுக்கு வந்த பேரன் பேத்திக ஒரு டப்பாவைப் பிரிச்சு வெச்சிருந்தாங்க. 'கோட்நேம்ஸ்'னு பேராம். செக் நாட்டுக்காரர் விலாடா ஹ்வாட்டில்னு ஒருத்தர் உண்டாக்கி 2015-ல வந்த ஆட்டம். அடுத்த வருசமே ஜெர்மனியில 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்'னு, வருசத்துல நல்ல ஆட்டம் ஒண்ணுக்குக் குடுக்கற பரிசையும் வாங்கிருச்சாம். பரிசு வாங்கின மாடுன்னா பல்லைப் புடிச்சுப் பாக்காம விடமாட்டேன் நான். கயித்துக்கட்டிலை இழுத்துப் பக்கத்துல போட்டுக்கிட்டேன். டப்பாவுல இருந்த சொல்லெல்லாம் இங்கிலீசு. எங்க வீட்டம்மாவும் ஆடட்டும்னுதான் பத்திரிகையை நறுக்கித் தமிழ்ச் சொல்லா எழுதிக்கிட்டாங்க.

ஆட்டம் இதுதான். தரையில அஞ்சுக்கு அஞ்சா 25 சொல்லு. ரெண்டு கட்சி, கட்சிக்கு ஒரு தலைவர். எந்தச் சொல்லு யாருக்குச் சொந்தம்னு காட்டற சாவி அட்டை தலைவருங்க கண்ணுக்கு மட்டும். முதல்ல ஆடற கட்சிக்கு 9 சொல்லு, மத்த கட்சிக்கு 8. 7 சொல்லு யாருக்கும் பட்டா இல்லாத புறம்போக்கு. மிச்சம் ஒண்ணே ஒண்ணு கொலைகாரன். தலைவர் வாயைத் தொறந்தா ஒரு சொல்லு, ஒரு எண்ணு, அவ்வளவுதான். 'பால், மூணு'ன்னா பாலோட ஒட்டின சொல்லு மூணு நம்மளது கெடக்குதுன்னு அர்த்தம். கட்சிக்காரங்க தேடித் தொடணும். தொட்டா தொட்டதுதான். புறம்போக்கைத் தொட்டா முறை போச்சு. எதிரியோடதைத் தொட்டா முறையும் போச்சு, அவனுக்கு லாபமும் ஆச்சு. கொலைகாரனைத் தொட்டா ஆட்டமே போச்சு.

பெரிய பேத்திக்குப் பெங்களூருல கம்ப்யூட்டர் வேலை. அவ தலைவி, எங்க வீட்டம்மா அவ கட்சி. பேத்தி மோட்டுவளையைப் பாத்து நெம்ப நேரம் யோசிச்சு, "சர்வர், ரெண்டு"ன்னா. அவ மனசுல இருந்தது கம்ப்யூட்டரும் மேகமும். இப்பெல்லாம் கணக்கு வழக்கை மேகத்துல சேத்து வெக்கறாங்களாம்; மழையைத்தான் காணோம். எங்க வீட்டம்மாவுக்குச் சர்வர்னா தோள்ல துண்டும் ஒரு கையில நாலு டம்ளருமா வந்து நின்னு "என்ன சாப்பிடறீங்க"ன்னு கேக்கற ஆளு. நேரா போயி இட்லியைத் தொட்டுட்டா. இட்லிதான் கொலைகாரன்.

"ஆத்தா! சர்வர்னா கம்ப்யூட்டர் ஆத்தா!"

"அப்பறம் என்னத்துக்கு அம்முணி அவன் இட்லி கொண்டாரான்?"

அப்பறம் கேக்கணுங்களா? தப்பு துப்புச் சொன்னவளுதா, தொட்டவளுதான்னு ஆசாரமே ரெண்டாப் பிரிஞ்சு நின்னுது. "அப்பாரு, நீங்களே சொல்லுங்க"ன்னு ஒரு பக்கம், "அப்பிச்சி, ஒரு முடிவு சொல்லுங்க"ன்னு மகள் பையன் ஒரு பக்கம். வெளியில போயி வெத்தலையைத் துப்பிட்டு வந்துதான் வாயைத் தொறந்தேன். துப்புங்கற சொல்லுக்கு எச்சில் துப்பறதும் அர்த்தம், திருடனைப் புடிக்கற தடயமும் அர்த்தம், சாமர்த்தியமும் அர்த்தம். முதல்ல சொன்னது எங்கிட்ட இருக்குது. ரெண்டாவது ஆட்டத்துல இருக்குது. மூணாவது அன்னைக்கு அந்த ஆசாரத்துல யாருகிட்டயும் இல்லை.

நான் நாப்பது வருசம் மாட்டுத் தரகு பாத்தவனுங்க. கண்ணபுரம் சந்தை, அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை, எல்லாத்துலயும் துண்டைப் போட்டிருக்கறேன். வாங்கறவன் கையையும் விக்கறவன் கையையும் துண்டால மூடி, உள்ள விரலைப் புடிச்சு விலை பேசறது எங்க தொழில். சுத்தி நூறு பேர் நின்னாலும் ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியாது. அதுல ஒரு சூட்சுமம் இருக்குது. நாலு விரலைப் புடிச்சா அது நானூறா, நாலாயிரமா, நாப்பதாயிரமா? விரல் அதைச் சொல்லாது. எதிர்ல நிக்கற மாடுதான் சொல்லும். பல்லுப் போன கெழட்டு மாட்டுக்கு முன்னால ஒரு விலை. திமிலைத் தூக்கிக்கிட்டு நிக்கற காங்கயம் காளைக்கு முன்னால வேற விலை. விரல் என்னமோ அதே நாலுதான். புடிக்கறவனும் புடிச்சுக்கறவனும் ஒரே மாட்டைப் பாத்துக்கிட்டு நின்னா யாவாரம் முடியும். இவன் மாட்டையும் அவன் வானத்தையும் பாத்தா அடிதடிதான்.

பேத்தி பாத்தது அவ ஆபீசுல இருக்கற மாடு. எங்க வீட்டம்மா பாத்தது ஈரோடு பஸ் ஸ்டாண்டு ஓட்டல் மாடு. தீர்ப்பு என்னன்னா, தப்பு சொன்னவளுது. ஆத்தாளைக் கட்சியில சேத்துக்கிட்டா, ஆத்தாளுக்கு எது சர்வர்னு ரோசனை பண்ணாம வாயைத் தொறக்கக் கூடாது. இன்னொண்ணும் கேட்டுக்கோ கண்ணு. நம்ம சொல்லு ரெண்டைச் சேத்துக் கட்டற சந்தோசத்துல, அந்தக் கயிறு கொலைகாரன் காலையும் சுத்துதான்னு முதல்ல பாத்துக்கோணும். மாடு வாங்கறவன் பாலைப் பாக்கறதுக்கு முன்னால உதைக்குமான்னு பாக்கற மாதிரி.

இத்தோட முடிஞ்சிருக்கும். ஆனா எங்க வம்சம் சுலபத்துல முடிக்கற வம்சம் இல்லைங்களே. அடுத்த ஆட்டத்துல எங்க மாப்பிள்ளை தலைவர். கவர்மெண்டு ஆபீசுல இருக்கறவர். தொண்டையைக் கனைச்சு, "படி, நாலு"ன்னார். உடனே எதிர்க்கட்சி எந்திரிச்சு நின்னுக்கிச்சு. "செல்லாது, செல்லாது! தரையில 'படிக்கட்டு'ன்னு ஒரு அட்டை கெடக்குது." மாப்பிள்ளை விடுவாருங்களா? "படி வேற, படிக்கட்டு வேற"ன்னு இலக்கணம் பேச ஆரம்பிச்சுட்டார்.

சண்டை போட ஆசை இருக்கறவங்களுக்கு இந்த எடத்துல ஒரு யோசனை சொல்லி வெக்கறேன். விதிப் புத்தகத்தை மட்டும் பிரிச்சுராதீங்க. அட்டாலி மேல தூக்கிப் போட்டுருங்க; எலி தின்னுட்டா இன்னும் விசேசம். பிரிச்சுப் பாத்தீங்கன்னா சண்டைக்கு வழியே இருக்காது. தரையில தெரியற சொல்லையோ அதோட ஒரு பாகத்தையோ சொல்லக் கூடாது, அந்தச் சொல்லைத் தொட்டு, அட்டை போட்டு மூடுன பொறவு தாராளமாச் சொல்லிக்கலாம்னு அதுல போட்டிருக்குது. துப்பு சொல்லோட அர்த்தத்தைப் பத்தித்தான் இருக்கோணும். எழுத்தைப் பத்தியோ அட்டை கெடக்கற எடத்தைப் பத்தியோ இருக்கக் கூடாதுன்னும் போட்டிருக்குது. சின்னவன் "ரெண்டெழுத்து, அஞ்சு"ன்னு சொல்லிட்டு ராசா மாதிரி உக்காந்திருந்தான். அது அதனாலதான் செல்லாம போச்சு. ஆக, மாப்பிள்ளை தோத்தார்.

ரெண்டு சுத்து கழிச்சு படிக்கட்டு மூடினதும் அதே "படி, நாலு"ன்னு மறுபடி சொன்னார் பாருங்க. குளத்தைத் தொட்டாங்க, குளத்துக்குப் படி உண்டு. பள்ளிக்கூடத்தைத் தொட்டாங்க, அங்க படின்னு வெரட்டுவாங்க. அரிசியைத் தொட்டது எங்க வீட்டம்மா. படியில அளந்த கை அது. நாலாவது ஒருத்தருக்கும் புடிபடலை. 'சம்பளம்'னு ஒரு அட்டை தன்னந்தனியாக் கெடந்துது. பஞ்சப்படியாம்! பஞ்சப்படி வாங்கறவருக்கு அது நெனப்புல இருக்கும். மாட்டை வித்துத் தின்ன எங்களுக்குப் பஞ்சம் தெரியும், படி எங்கிருந்து தெரியும்? திரும்பவும் சர்வர் கதைதான். இந்தத் தடவை சர்வருக்கு அரசாங்க முத்திரை.

அடுத்த வம்பு 'மாமியார்வீடு'. பேத்தி "மாமியார்வீடு, ரெண்டு"ன்னா. போலீசும் தாலியும் அவளுக்கு வேணும். நல்ல துப்புங்க, எனக்கே பொறாமையா இருந்துது. ஆனா அது ஒரு சொல்லா, ரெண்டு சொல்லா? இங்கிலீசுலயே இந்தத் தலைவலி இருக்குதாம். சில கூட்டுச் சொல்லை ஒண்ணா எழுதறான், சிலதை நடுவுல கோடு போட்டு எழுதறான், சிலதைப் பிரிச்சு எழுதறான். ஒண்ணா எழுதறது மட்டும்தான் கறாரான கணக்கு. மத்ததை விடறதா வேண்டாமாங்கறது ஆடறவங்க இஷ்டம், ஆனா புதுசாக் கூட்டுச் சொல்லு கட்டக் கூடாதுன்னு புத்தகம் சொல்லுது. தமிழ்ல கேக்கவே வேண்டாம். சேத்து எழுதினா ஒண்ணு, பிரிச்சு எழுதினா ரெண்டு. எழுதறவன் கை எப்படிப் போகுதோ அப்படி. மாப்பிள்ளையைப் பாத்து, "மாமியாரும் வீடும் ஒண்ணுங்களா, ரெண்டுங்களா?"ன்னு கேட்டேன். மாமியாக்காரி பக்கத்துலயே உக்காந்திருந்தா. "ஒண்ணுதானுங்க மாமா"ன்னார் பவ்வியமா. துப்பு செல்லும்னு ஆச்சு. சின்னவன் உடனே "அப்பன்னா நான் மேகக்கோழி சொல்லுவேன்"ன்னான். மேகத்துல கோழி மேயறதை என்னைக்குப் பாத்தியோ அன்னைக்குச் சொல்லு சாமின்னுட்டேன்.

அந்தப் புத்தகத்துல எனக்குப் புடிச்சது ஒண்ணே ஒண்ணுதான். துப்பு செல்லுமா செல்லாதான்னு சந்தேகம் வந்தா, எதிர்க்கட்சித் தலைவர்கிட்டயே கேளு, அவர் சரின்னா சரி, அப்படீன்னு இருக்குது. செக் நாட்டுலயும் காடு தோட்டம் இருக்கும் போல. வரப்புக் கல்லு நடறப்ப பக்கத்துக் காட்டுக்காரனைக் கூப்புட்டு வெச்சு நடோணும்னு எங்க அய்யன் சொல்லுவார். நட்டுப்போட்டுக் கூப்புட்டா கோர்ட்டு. கூப்புட்டுப்போட்டு நட்டா காப்பி. அதனால கேக்கறதைச் சொல்றதுக்கு முன்னால காதோட கேளுங்க. சொன்ன பொறவு கேட்டா அது சந்தேகம் இல்லை, வக்காலத்து.

மூஞ்சிக் கணக்கு ஒண்ணு மிச்சம் இருக்குது. துப்புச் சொன்ன தலைவர் மூஞ்சியை மரக்கட்டை மாதிரி வெச்சுக்கோணும். சரியான அட்டைகிட்டக் கை போனாச் சிரிக்கறது, தப்பான எடத்துக்குப் போனாப் பல்லைக் கடிக்கறது, இதெல்லாம் கூடாது. தரகுக்காரனுக்கு இது பால் குடிக்கற மாதிரி. நானும் ஒரு ஆட்டம் தலைவரா உக்காந்தேன். எங்க வீட்டம்மா கை கொலைகாரன் பக்கம் போச்சு. மூஞ்சி அசையலைங்க. ஆனா இருமல் வந்துருச்சு. வயசானா இருமல் வரத்தான் செய்யும். அவளும் கையை எடுத்துக்கிட்டா. அம்பத்திரண்டு வருசமா அந்த இருமலுக்கு அர்த்தம் தெரிஞ்சவ. புருசன் பொண்டாட்டியை ஒரே கட்சியில போடக் கூடாதுன்னு அன்னைக்கே எங்க வீட்டுல புது விதி போட்டுட்டாங்க. நியாயந்தான்.

இந்த வகையில வேற ஆட்டமும் இருக்குதுன்னு பேத்தி சொன்னா. 2010-ல அதே ஜெர்மன் பரிசை வாங்கின 'டிக்ஸிட்'டுல, படத்துக்குத் துப்புச் சொல்றவனோட அட்டையை எல்லாரும் கண்டுபுடிச்சாலும் அவனுக்குச் சைபர், ஒருத்தரும் கண்டுபுடிக்கலைன்னாலும் சைபர். 2019-ல பரிசு வாங்கின 'ஜஸ்ட் ஒன்'ல, ஒருத்தனுக்காக மத்தவங்க ஆளுக்கொரு சொல்லு எழுதறாங்க. ரெண்டு பேர் ஒரே சொல்லை எழுதினா ரெண்டையும் அழிச்சுருவாங்க. நெம்பச் சுலபமும் ஆகாது, நெம்பக் கஷ்டமும் ஆகாதுங்கறது விடுகதை போட்ட எங்க அமுச்சிக்கு எப்பவோ தெரியும். அவளுக்கு ஒருத்தரும் பரிசு குடுக்கலை, அவ்வளவுதான்.

கடைசி ஆட்டத்துல எங்க வீட்டம்மாளைத் தலைவியா உக்கார வெச்சாங்க. சாவி அட்டையைக் கண்ணுகிட்டக் கொண்டுபோயிப் பாத்தா. கொமட்டுல சிரிப்பை அடக்கிக்கிட்டு, "சர்வர், ரெண்டு"ன்னா. பேத்தி கம்ப்யூட்டர் அட்டை பக்கம் கையைக் கொண்டு போனா. பாதி வழியில நிறுத்தினா. ஆத்தா மூஞ்சியைப் பாத்தா, அது மரக்கட்டை. கையைத் திருப்பிக் 'காபி'யைத் தொட்டா. அப்பறம் 'எச்சில் இலை'யைத் தொட்டா. ரெண்டும் சரி.

ஆகவே வயசுப் பசங்களுக்கு நான் சொல்றது இதுதான். அறிவை வீட்டுக்காரங்ககிட்டக் காட்டறதுன்னா வேற ஆட்டத்துல காட்டுங்க. இதுல உங்க சொல்லை எதிர்ல உக்காந்திருக்கறவ வாயில போட்டு ஒரு தடவை மென்னு பாத்துட்டுச் சொல்லுங்க. அடுத்த நோம்பிக்கு எங்க வீட்டுக்கு ஆட வந்தாலும் வாங்க, ஒப்பிட்டு சுட்டு வெக்கறோம். என்னைக் கட்சியில சேத்துக்கறவங்க மட்டும் முன்கூட்டியே ஒண்ணு தெரிஞ்சுக்கோணும். இருமல் இன்னும் சரியாகலைங்க.