பலாக்காயா, பலாப்பழமா: புலாவ் செபாங் குடும்பக் கூடல்களின் இருகட்சி முறை குறித்து ஓர் ஆய்வு

புலாவ் என்றால் மலாய்மொழியில் தீவு. புலாவ் செபாங்கைச் சுற்றிக் கடல் இல்லை. ஒரு பக்கம் செம்பனை, ஒரு பக்கம் தண்டவாளம், சாலையைத் தாண்டினால் தம்பின். அதாவது மலாக்கா மாநிலம் முடிந்து நெகிரி செம்பிலான் தொடங்கிவிடும். கடலே இல்லாமல் தீவாக இருக்கச் சம்மதித்த ஊர் இது. விட்டுக்கொடுக்கும் குணம் அதன் பெயரிலேயே இருக்கிறது. ஆயினும் ஒரு விஷயத்தில் மட்டும் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் இறங்கி வந்ததாகச் சான்று இல்லை. வீட்டுக்குப் பின்னால் லோங்காங் (சாக்கடை) ஓரம் நிற்கும் மரத்தில் தொங்குகிறதே பலா, அதைக் காயாகவே வெட்டிக் கறி வைப்பதா, பழுக்க விடுவதா?

குடும்பம் கூட நாள் குறித்தால் இந்தக் கேள்வி எழும். எழுந்த அரைமணி நேரத்தில் வீடு இரண்டாகப் பிரியும். ஓர் அணியைக் காய்க் கட்சி என்றும் மற்றதைப் பழக் கட்சி என்றும் இக்கட்டுரை குறிக்கும். ‘எனக்கு எதுவா இருந்தாலும் சரி’ என்று சொல்லும் மாப்பிள்ளைமாரை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் மனத்தில் இருப்பதைச் சொல்வதில்லை என்பது ஊரறிந்தது.

ஆய்வு முறை எளியது. அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே காது கொடுத்தேன். உரிக்காமல் கேட்டால் ‘போய் முன்னால உக்காரு’ என்று அனுப்பிவிடுவார்கள். கண்ணீரோடு திரட்டப்பட்ட தரவுகள் என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலில் முன்னாய்வுகள். துண்டாடல் என்ற சொல் மலேசியத் தமிழருக்குப் புதிதல்ல. 1951 முதல் 1960 வரை மலாயாவில் பெரிய ரப்பர்த் தோட்டங்கள் எப்படித் துண்டு போட்டு விற்கப்பட்டன என்று உங்கு அப்துல் அசிஸ் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அதைச் சமாளிக்கத்தான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். தோட்டத் துண்டாடலுக்கு நூல் இருக்கிறது, இயக்கம் இருக்கிறது. பலாத் துண்டாடலைப் பற்றியோ இன்றுவரை ஒரு துண்டுப் பிரசுரம்கூட என் கண்ணில் படவில்லை. அந்தக் குறையை இக்கட்டுரை நீக்க முயல்கிறது.

இலக்கியச் சான்றுகளைத் தேடினால் அநீதிதான் தெரிகிறது. குறுந்தொகையின் 18ஆம் பாட்டில் கபிலர், சின்னக் கொம்பில் பெரிய பலாப்பழம் தொங்குவதைக் காட்டித் தலைவியின் உயிர் சிறிது, காதல் பெரிது என்று தோழியைச் சொல்ல வைக்கிறார். பழம், காய் இல்லை. முக்கனியில் இடம் பெற்றது பழம். 1990இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய சு. சமுத்திரத்தின் நாவல் ‘வேரில் பழுத்த பலா’. அதிலும் பழுத்துவிட்டது. ஈராயிரம் ஆண்டுத் தமிழ் முழுவதும் பழக் கட்சியின் கையில் இருந்திருக்கிறது. காய்க் கட்சிக்காரர்கள் சமைத்துக்கொண்டிருந்ததால் எழுத நேரமில்லை என்றே கொள்ள வேண்டும்.

அயலார் நிலையும் இதுதான். மலையாளத்துச் சக்கையைப் போர்த்துக்கீசியர் ‘ஜாக்கா’ ஆக்கினார்கள். ஆங்கிலேயர் வாயில் அது ஜாக் ஆனது. 1511இல் மலாக்காவைப் பிடித்தவர்களும் அந்தப் போர்த்துக்கீசியர்தாம். ஊர் போய்விட்டது, ஆனால் சொல் நுழையவில்லை. இங்கே அது அன்றும் இன்றும் நங்காதான். நங்காவைப் பற்றி மலாய்க்காரர்களிடம் ஒரு பழமொழி உண்டு: ஒருவன் தின்பான், பிசின் எல்லோர் மேலும் ஒட்டும். குடும்பக் கூடலுக்கு இதைவிடச் சுருக்கமான வரையறையை நான் படித்ததில்லை.

பிசினைப் பற்றி இங்கே நின்று பேசியாக வேண்டும். மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டம் இதே மலாக்கா மாநிலத்தில், புக்கிட் லிந்தாங்கில், 1896இல் டான் சாய் யான் போட்டது. அந்தப் பால்மரத்துக்கும் பலாவுக்கும் உறவு கிடையாது. ஆனால் அதற்கு முன் ரப்பருக்காக நட்டுப் பார்த்த ரம்போங் மரம் இருக்கிறதே, ஆலின் இனம், அது பலாவுக்குப் பங்காளி. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். ஆக, ரப்பர் வேலைக்குப் போய் வேலை கிடைக்காதவனின் சொந்தக்காரன்தான் நம் பலா. வெட்டினால் பால் வடிவது பரம்பரைக் குணம். எங்கள் பாட்டி முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். கத்திக்கும் உள்ளங்கைக்கும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு அவர் பலாவைப் பிளக்கும்போது ஒரு சொட்டுப் பால் அவர் சேலையில் படாது. நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்ததற்கே மண்ணெண்ணெய் போட்டுக் கை துடைத்திருக்கிறோம்.

இனிக் காய்க் கட்சியின் வாதம். பூ வைத்து இரண்டு மூன்று மாதத்தில், கொட்டை இறுகுவதற்கு முன், காயை இறக்கிவிட வேண்டும். தோல் சீவி, துண்டு போட்டு, மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து வடித்து வைப்பார்கள். பிறகு பட்டை, சோம்பு, நட்சத்திரப்பூ, வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, இறைச்சி மசாலைத்தூள் போட்டு, முதல் தேங்காய்ப்பால் ஊற்றிச் சுண்ட விட்டால் பெரட்டல். புரட்டாசிச் சனியிலும் அம்மன் திருவிழாவுக்குக் கொடி ஏறிய பிறகும் ஆட்டிறைச்சிப் பெரட்டலின் நாற்காலியில் உட்காரும் தகுதி இதற்கு மட்டும்தான். நார் நாராகப் பிரியும், பல்லில் சிக்கும், பல்குத்திக்குச்சி கேட்க வைக்கும். சைவம் சாப்பிட்ட திருப்தியும் அசைவம் சாப்பிட்ட களைப்பும் ஒருசேர வரும். விரதமில்லாத வீட்டில் உலர்ந்த இறாலை இடித்துப் போடுவார்கள், அது வேறு உலகம். காய்க் கட்சியின் மைய வாதம் எண்ணிக்கை சார்ந்தது: ஒரு காய் நாற்பது பேருக்குக் கறியாகும், அன்றைக்கே தீரும், யாருக்கும் மனக்குறை இராது. இக்கட்சியின் தலைவி என் பெரியம்மா.

பழக் கட்சி ஐந்தாறு மாதம் பொறுக்கச் சொல்கிறது. இந்த நாட்டில் டுரியானும் ரம்புத்தானும் மங்குஸ்தானும் பெரும்பாலும் ஆண்டு நடுவில் ஒன்றாகக் குவிந்து மூச்சு முட்ட வைக்கும். பலா மட்டும் கட்டுப்பாடு இல்லாதது, நினைத்தபோது பிஞ்சு விடும். அதனால் ஒவ்வொரு பிஞ்சுக்கும் தனி நாட்காட்டி. பழைய அரிசிச் சாக்கால் போர்த்தி ஈ தொடாமல் காக்க வேண்டும். முள் அகன்று தட்டையாகிறதா, காம்பை ஒட்டிய கடைசி இலை மஞ்சளடிக்கிறதா, விரல் முட்டியால் தட்டினால் ‘டொப்’ என்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தத் தட்டலில்தான் பெரும் கருத்துவேறுபாடு. எல்லா மாமாக்களும் தட்டுவார்கள். ஒருவர் கேட்ட ஒலி இன்னொருவருக்குக் கேட்டதில்லை. கடையில் ஜே33 என்று எண் போட்ட ரகம் வெட்டி, அடுக்கி, தட்டில் வருகிறது. வீட்டு மரத்துக்கு எண் இல்லை, ‘பாட்டி மரம்’ என்ற பெயர்தான்.

கூடும் நாளைத் தேர்வதிலும் புவியியல் குறுக்கிடுகிறது. நெகிரி செம்பிலானின் ஆட்சியாளரான யாங் டி பெர்துவான் பெசார் துவாங்கு முஹ்ரிஸ் பிறந்தது 1948 ஜனவரி 14. அந்நாளில் அந்த மாநிலத்துக்கு விடுமுறை. எனவே பொங்கல் 14ஆம் தேதி வாரநாளில் வந்தால் தம்பின் பக்கத்துப் பிள்ளை பானை பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். சாலைக்கு இந்தப் பக்கம் புலாவ் செபாங் பிள்ளை பள்ளிக்கூடப் பையைத் தூக்கும். இதனால் எங்கள் கூடல் எப்போதும் அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிப் போகும். மரத்துக்கு மாநிலமும் தெரியாது, ஞாயிறும் தெரியாது. பூ வைத்த நாளிலிருந்து அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும்.

ரயிலையும் விட முடியாது. நிலையத்தின் பெயர்ப் பலகையில் புலாவ் செபாங், தம்பின் இரண்டும் எழுதியிருக்கும். கோலாலம்பூரிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் சொந்தங்கள் இங்கேதான் இறங்குவார்கள். திரும்பும்போது கையில் ஒரு பை இல்லாமல் யாரும் ஏறியதில்லை. காய்க்கு மணமில்லை, பெட்டியில் யாருக்கும் தெரியாமல் போகும். பழுத்த பலாவோடு ஏறினால் ரெம்பாவ் வருவதற்குள் பெட்டி முழுவதும் திரும்பிப் பார்க்கும்.

ஒரு காலத்தில் இங்கிருந்து மலாக்கா நகருக்கும் கிளைப்பாதை போனது. ஜப்பானியர் அந்தத் தண்டவாளத்தைப் பிடுங்கிச் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டு போனார்கள். அதே பாதைக்குத் தோட்டத்துத் தமிழர்களையும் ஆயிரக்கணக்கில் கொண்டு போனார்கள். அரிசி அரிதாகி மரவள்ளிக்கிழங்கே சோறான அந்த 1942 முதல் 1945 வரையான காலத்தில் காயா பழமா என்று யாரும் கேட்கவில்லை. பிஞ்சு கண்ணில் பட்டால் வெட்டினார்கள் என்று பாட்டியின் அம்மா சொல்வாராம். காய்க் கட்சியை நிறுவியது பெரியம்மா என்று நான் முதலில் குறித்து வைத்திருந்தேன். அதை அடித்துவிட்டேன். நிறுவியது பசி.

இந்த இடத்தில் ஆய்வு ஒரு முட்டுச் சந்துக்கு வந்தது. பசியைப் பார்த்தவர் பாட்டி. பெரட்டலைப் பாட்டியிடம் கற்றவர் பெரியம்மா. நியாயப்படி பாட்டி காய்க் கட்சியில் இருக்க வேண்டும். அவரோ பழக் கட்சி, அதுவும் விட்டுக்கொடுக்காத பழக் கட்சி. காரணம் கேட்டால், ‘காயா வெட்டுறது பாவம்டா’ என்பார். வாழைக்காயையும் பப்பாளிக்காயையும் அவர் வெட்டியதை நானே பார்த்திருக்கிறேன். பாவம் என்பது சான்றாகாது.

உரித்த வெங்காயத்தின் பயன் ஒரு ஞாயிறு தெரிந்தது. சிரம்பானில் இருக்கும் சித்தப்பா வந்து, மரத்தைச் சுற்றி, தட்டிப் பார்த்து, ‘ஆயிருச்சும்மா, வெட்டிரலாம்’ என்றார். பாட்டி ஏறெடுத்தும் பார்க்காமல், ‘இன்னும் முத்தல ஐயா. ஒரு மாசம் போவட்டும், வந்து சாப்பிட்டுப் போ’ என்றார். சித்தப்பா ஒரு மாதம் கழித்து வந்தார். அதற்கு முந்தைய மாதம் என் அத்தையிடமும் பாட்டி அதே சொல்லைச் சொல்லியிருந்தார். வேறொரு பலாவைக் காட்டி.

காயாக வெட்டினால் எல்லோரும் ஒரு தடவை வருவார்கள். இதற்கு மேல் இந்தக் கருதுகோளை நான் விரிக்கவில்லை. பாட்டியிடமும் கேட்கவில்லை.

போன வருஷம் நடந்ததையும் பதிவு செய்வது கடமை. பெரியம்மா கேட்டது காய், பாட்டி கேட்டது இன்னும் இரண்டு வாரம். பாட்டி வென்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை இருபத்தேழு பேர் வந்து இறங்கினோம். முந்தின ராத்திரி மூசாங், அதாவது மரநாய், வந்து போயிருந்தது. சாக்கு கிழிந்து கிடந்தது, பழத்தில் பாதிக்கு மேல் குகை, உள்ளே எறும்பு. இருகட்சி முறையில் மூன்றாவது கட்சியின் வாக்கு எவ்வளவு முக்கியம் என்று அன்றுதான் தெரிந்தது. மாமாக்கள் ஆளுக்கொரு பக்கம் தட்டிப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார்கள்.

பெரியம்மா எதுவும் சொல்லவில்லை. அதுவே எல்லாம் சொன்னது போலத்தான். பாட்டி முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, எறும்பை ஊதித் தள்ளி, தின்னாமல் விட்ட சுளைகளைத் தனியாகவும் கொட்டைகளைத் தனியாகவும் எடுத்தார். சுளை சின்னப் பிள்ளைகளுக்கே பற்றவில்லை. கொட்டை ஒரு சட்டி தேறியது. மேல்தோலை உரித்து, இரண்டாக வெட்டி, வேலியோரத்து முருங்கைக்காயும் கத்தரிக்காயும் சேர்த்து, நெத்திலி போட்டுப் புளிக்குழம்பு வைத்தார்கள். வைத்தது பெரியம்மா, உப்புப் பார்த்தது பாட்டி. இருபத்தேழு பேரும் சாப்பிட்டோம். எனக்கு இரண்டாம் தடவை கேட்கக் கூச்சமாக இருந்தது. சித்தப்பா கேட்டார், சட்டி காலி.

மறுநாள் காலை நான் கோலாலம்பூரில் வேலையில் இருந்தபோது பாட்டி போன் செய்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். பெரியம்மா பக்கத்து அறையில் இருந்திருக்க வேண்டும்.

‘அடிமரத்துல இன்னொண்ணு வெச்சிருக்குடா. கை அளவுதான். பெரியம்மாகிட்ட சொல்லாத. ஆடி முடியறதுக்குள்ள ஆயிரும்.’