முன்னாள் இன்சூரன்ஸ் கம்பெனியும் அபாவப் பிரமாணமும்

அளவைகளைப் பேசப் புகும் சிவஞான சித்தியார், அபாவத்தையும் அவற்றில் ஒன்றாக எண்ணிக் காட்டுகிறது. ஒன்று இல்லாமையை அறிவதற்கான அளவை அது. தருக்க நூலார் தரும் வழக்கமான உதாரணம், ‘இத்தரையில் குடம் இல்லை’ என்பது. குடம் இல்லாததை நிறுவ இத்தனை உரை செய்த முன்னோர், கிளெய்ம் இல்லாததை நிறுவும் முறைபற்றி ஒரு சூத்திரமும் விட்டுச் செல்லவில்லை. அக்குறை தீர்க்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுப் பொருள் என்.சி.பி., அதாவது நோ கிளெய்ம் போனஸ். ஓராண்டு கிளெய்ம் வாங்காத கார்க்காரருக்கு மறு ஆண்டு 20 சதவீதம் கழிவு. பிறகு 25, 35, 45. ஐந்தாண்டு தாண்டினால் 50. இது ஓ.டி. எனும் சொந்த வண்டிச் சேதப் பிரீமியத்தில் மட்டும், தேர்ட் பார்ட்டியில் கிடையாது. கழிவு காருக்குரியதன்று, காருடையவருக்குரியது. கம்பெனி மாறினாலும் கூடவே வரும். வருவதற்குப் பழைய கம்பெனி ஒரு கடிதம் தர வேண்டும். ‘இவர் எங்களிடம் எதுவும் கேட்டதில்லை’ என்பதே அதன் சாரம்.

முன்னாள் கம்பெனிக்கு இரண்டு நினைவுகள் உண்டென்பது கள ஆய்வில் தெரிகிறது. முதலாவது ரின்யூவல் நினைவு. பாலிசி முடிய ஒரு மாதம் இருக்கையிலேயே அது கண்விழிக்கும். வண்டி நம்பர், பெட்ரோலா டீசலா, வீட்டம்மாவின் செல் நம்பர் எதையும் மறக்காது. “சார், உங்களுக்கு ஃபிப்டி பர்சென்ட் என்.சி.பி. இருக்கு, விட்டுடாதீங்க” என்று சாப்பாட்டு வேளையில் அழைத்துச் சொல்லும்.

இரண்டாவது கடித நினைவு. பாலிசி வேறிடம் போன மறுநாளே அது மங்கிவிடும். “சிஸ்டத்துல காட்டலையே சார், பிராஞ்ச்ல கேளுங்க.” பிராஞ்சில் போய் நின்றால், “டோல் ஃப்ரீக்குப் போட்டுப் பாத்தீங்களா?” இவ்விரு நினைவுகளும் ஒரே கம்ப்யூட்டரில் எங்ஙனம் குடியிருக்கின்றன என்பது மேலாய்வுக்குரியது.

அரிதாகக் கடிதம் வந்து சேர்வதுமுண்டு. யான் கண்ட ஒன்றில், ‘கிளெய்ம்: 1, வழங்கிய தொகை: ரூ. 0’ என்றிருந்தது. பம்பர் கீறலுக்கு சர்வீஸ் சென்டர் பையன் தானாகவே இன்டிமேஷன் போட்டு, வேண்டாமென்றதும் அப்படியே விட்ட கதை. இல்லாத பொருளுக்கு வரிசை எண் கொடுக்கும் துணிவு தருக்க நூலாராகிய நையாயிகருக்குக்கூட வந்ததில்லை.

நூல் வழக்கோ வேறு. 2002ஆம் ஆண்டு மோட்டார் டாரிஃபின் 27ஆம் விதிப்படி, சான்று கைவசமில்லாதவர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும். புதிய கம்பெனி 21 நாளுக்குள் பழையதற்கு எழுதிக் கேட்க வேண்டும். பழையது 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பேச வேண்டியவர்கள் அவர்கள் இருவர். வெயிலில் அலைபவர் மட்டும் நாம். உறுதிமொழி பொய்யென்று தெரிந்தால் சொந்த வண்டிச் சேதத்துக்கான பலன் முழுவதும் போய்விடும். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் கழிவும் காலி.

அதே விதி இன்னொன்றையும் சான்றாக ஏற்கிறது: பழைய கம்பெனியின் ரின்யூவல் நோட்டீஸ். ஆகவே, சாப்பாட்டு வேளையில் அழைப்பவரிடம் எரிந்து விழாமல், “என்.சி.பி. போட்டு நோட்டீஸ் அனுப்புங்கம்மா, பாத்துட்டுச் சொல்றேன்” என்பதே இவ்வாய்வு கண்ட முறை. சோறு ஆறுவதற்குள் பி.டி.எஃப். வந்துவிடுகிறது.