ஏகமனதாகப் பசுமை

சென்னைவாசிகளுக்குச் சுற்றுச்சூழல் அக்கறை போதாது என்று குறைசொல்பவர்கள், காலை ஏழு மணிக்கு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நின்று பார்க்க வேண்டும்.

2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே குப்பையைப் பிரித்துத் தரச் சொல்லிவிட்டன. பிரிக்கிறார்கள். மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மக்காததற்கு நீலம். பிறகு இரண்டையும் ஒரே கறுப்புக் கவரில் கவிழ்த்து, இறுக்கி முடிந்து, பேட்டரி வண்டிக்காரரிடம் தருகிறார்கள். அவருக்கும் வேலை வேண்டாமா?

2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரமே வந்தது. குடியிருப்பில் ஆளுக்கொரு மஞ்சப்பை. உள்ளே கத்தரிக்காய்க்கு ஒரு கவர், தக்காளிக்கு ஒரு கவர், கொசுறுக் கறிவேப்பிலைக்கும் ஒன்று. 2019-இல் தடைசெய்த சரக்கு. வெளியே தெரிந்தால் நன்றாகவா இருக்கும்?

மழைநீர் சேகரிப்பிலும் குறையில்லை. 2003-இல் கட்டாயமாக்கியபோது பொருத்திய குழாய் சுவரில் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. குழி எங்கே என்று கேட்பது நாகரிகமல்ல. அந்த இடத்தில் சங்கச் செயலாளரின் கார் நிற்கிறது.

சென்ற மாதப் பொதுக்குழுவில் 'வீட்டுக்கொரு மரம்' தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அடுத்த தீர்மானம் வாசல் வேம்பைப் பற்றியது: ஓயாமல் இலை உதிர்த்து மக்கும் குப்பையைப் பெருக்குகிறது. அதுவும் ஏகமனதுதான்.

வெட்டிய கிளைகளை ஒன்றுகூடத் தவறாமல் பச்சைத் தொட்டியில்தான் போட்டார்கள்.