பிள்ளையைச் சிரிக்கச் சொல்லாதேங்கோ!

(குடும்பப் படம் எடுப்பது பற்றி வாசகர் கேட்டவை)

கேள்வி: கனடாவில் இருந்து அண்ணா குடும்பம் ஆவணியில வருகினம். நல்லூர்த் தேரண்டைக்கு, கோயிலால வந்தவுடன எல்லாரும் ஒண்டா நிண்டு ஒரு படம் எடுக்க ஆசை. சின்னப் பிள்ளையள் ஆறு பேர். சரிவருமா? – கொக்குவில்

பதில்: ஆசை சரி, நேரம் பிழை. விடியப்புறம் எழுப்பி, குளிக்க வார்த்து, சுடுமணலில் வெறுங்காலோடு நடத்தி, சனத்துக்குள் நெரிபட்டு வந்த பிள்ளையிடம் சிரிப்புக் கேட்பது நியாயமே இல்லை. வெயிலும் உங்களுக்கு எதிர்ப்பக்கம்தான். யாழ்ப்பாணத்தில் சூரியன் வருடத்தில் இரண்டு முறை நேர் உச்சிக்கு வரும். ஒன்று சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, மற்றது ஓகஸ்ட் கடைசியில். நாங்கள் குடும்பமாய்க் கூடுகிற காலங்களும் அவைதான்! அந்த மத்தியானங்களில் நெற்றி நிழல் கண்குழிக்குள் விழுந்து, எல்லாருடைய கண்ணும் கறுத்துப் போகும்.

தேர் முடிந்து வேறொரு நாளைப் பாருங்கள். பிள்ளைகள் படுத்தெழும்பி, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, பின்னேரம் ஐந்து மணிக்குத் தொடங்குங்கள். பொழுதுபடும் வரைக்கும் நல்ல வெளிச்சம். ஆனால் வந்திறங்கிய மறுநாளே வேண்டாம். கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு நிற்கும். எங்கள் பின்னேரம் இரண்டு மணி அந்தப் பிள்ளைகளின் உடம்புக்கு விடிய நாலரை. அந்த நேரத்தில் உங்களை எழுப்பிப் படம் எடுத்தால் நீங்கள் என்ன முகம் காட்டுவீர்கள்? ஒரு கிழமை போகட்டும்.

கேள்வி: எல்லாரும் ஒரே நிறத்தில உடுக்க வேணுமா? மகளுக்குச் சரிகைப் பாவாடை தைக்கக் குடுத்திருக்கிறன். – சாவகச்சேரி

பதில்: ஒரே நிறம் உடுத்தால் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அணிவகுத்து வந்தது போலாகிவிடும். ஒன்றோடொன்று சண்டை பிடிக்காத இரண்டு மூன்று நிறங்கள் போதும். நெஞ்சில் பெரிய எழுத்துள்ள ரீசேட் வேண்டாம். பார்க்கிறவர் முகத்தை விட்டுவிட்டு எழுத்தை வாசிக்கத் தொடங்கிவிடுவார். சரிகைப் பாவாடைக்கு உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். படத்துக்கு முதல் ஒருநாள் வீட்டில் உடுத்து விளையாடட்டும். சொறிகிற உடுப்போடு எந்தப் பிள்ளையும் மனம்விட்டுச் சிரிக்காது. புதுச் சப்பாத்தை விட வெறுங்கால் வடிவு.

கேள்வி: மகனுக்கு நாலு வயது. "சிரி" எண்டால் பல்லைக் கடிச்சுக் காட்டுறான். என்ன செய்யலாம்? – உரும்பிராய்

பதில்: அவன் பிழை செய்யவில்லை. பல்லைக் கேட்டீர்கள், காட்டுகிறான். சிரிக்கச் சொல்வதை விட்டுவிட்டு ஒரு வேலை கொடுங்கள்.

வீட்டில் ஆடு நிற்கிறதா? ஒரு கொப்புக் குழையை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நில்லுங்கள். ஆடு இழுக்கும். அவன் விடமாட்டான். மூக்கைச் சுருக்கி, இரண்டு காலையும் மண்ணில் ஊன்றிப் பிடிப்பான். கடைசியில் குழை ஆட்டின் வாய்க்குப் போக, இவன் நிலத்தில் குந்திக்கொண்டு வாய்விட்டுச் சிரிப்பான். எந்தப் படப்பிடிப்பாளராலும் கேட்டு வாங்க முடியாத சிரிப்பு அது.

தை மாதம் என்றால் பட்டம் இருக்கிறது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கிற பட்டப் போட்டிக்குப் போனவர்கள் கண்டிருப்பீர்கள்: பட்டம் எழும்பினதும் அங்கே நிற்கிற எல்லாருக்கும் ஒரே வயது. அண்ணாந்த முகத்தில் வானத்து வெளிச்சம் முழுக்க விழும், கண்ணுக்குக் கீழே நிழலே இராது. தகப்பன் விண் பூட்ட, மகன் வாலைத் தூக்கிப் பிடிக்க, தாய் நூற்சிக்கு எடுக்க, நீங்கள் ஒருவரையும் வரிசையில் நிறுத்தத் தேவையில்லை. நூல் பிடித்த கையை மட்டும் வெட்டிவிடாமல் எடுங்கள்.

இன்னும் ஒன்று. கமராவுக்குப் பின்னால் நின்று மாமி கைதட்ட, சித்தப்பா விசிலடிக்க, அம்மம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை எந்தப் பக்கம் பார்க்கும்? ஒருவர் மட்டும் கதையுங்கள். ரொபியும் காட்ட வேண்டாம். காட்டினால் ரொபியைப் பார்ப்பான், கொடுத்தால் ஒரு கன்னம் வீங்கிவிடும்.

கேள்வி: பழைய படங்களில ஒருத்தரும் சிரிக்கேல்ல. அந்தக் காலத்து ஆக்கள் அவ்வளவு கோபக்காரரா? – காரைநகர்

பதில்: கோபமில்லை, களைப்பு. 1839இல் பிரான்சில் டகேர் என்பவரின் படம் எடுக்கும் முறை வெளியானபோது ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். தலை ஆடாமல் இருக்கப் பின்னால் ஓர் இரும்புக் கவையை நிறுத்துவார்கள். கைக்குழந்தை என்றால், தாய் தன்னைத் துணியால் முழுக்க மூடிக்கொண்டு மடியில் பிள்ளையைப் பிடித்திருப்பாள். படத்தில் பிள்ளை இருக்கும், தாய் இருக்கமாட்டாள். அந்தப் படங்களைப் பார்க்க எனக்கு மனம் தாங்காது. பிள்ளைகளுக்குச் செட்டை கட்டித் தேவதைகளாக எடுத்த ஜூலியா மார்கரெட் கமரன், 1879இல் எங்கள் இலங்கையில்தான், டிக்கோயாவில் காலமானார். அவருடைய தேவதைகளின் முகத்திலும் சலிப்பு இருக்கிறது. நெடுநேரம் ஆடாமல் இருந்த பிள்ளைகள், பாவம்.

இன்றைய போன் கண் வெட்டுகிற நேரத்துக்குள் எடுத்து முடித்துவிடும். "ஆடாதை, நேர நில்" என்ற அதட்டலுக்கு இருந்த காரணம் போய்விட்டது. அதட்டலையும் அனுப்பிவிடுவோம்.

கேள்வி: கசூரினா கடற்கரையா, கோட்டையா, எங்க எடுத்தால் வடிவு? – சுன்னாகம்

பதில்: உங்கள் வீட்டு விறாந்தை. பிள்ளை தன்னை மறந்து இருக்கிற இடம் அதுதான். கூரை நிழலுக்குள் முற்றத்தைப் பார்த்தபடி இருத்துங்கள். முற்றத்து மணலில் பட்ட வெளிச்சம் கீழிருந்து முகத்துக்கு ஏறும். அடர்ந்த மாமர நிழலில் முகம் பச்சை பாயும். முருங்கை நிழல் என்றால் பொட்டுப் பொட்டாய் வெயில் விழும்.

கசூரினாவுக்கும் போங்கள், ஆனால் குளிக்கப் போங்கள். கடலைக் கண்ட பிள்ளையை உடுப்பு நனையாமல் கரையில் நிறுத்தி வைப்பது பெரிய தண்டனை. நனையட்டும், மண் அப்பட்டும். மாற்றுடுப்பும் துவாயும் கொண்டுபோனால் காணும். கோட்டைக் கல் பின்னேரமும் சுடும், பொழுதுபடுகிற நேரம் போங்கள்.

கேள்வி: நல்ல கமரா வாங்க வேணுமா? – மானிப்பாய்

பதில்: முதலில் போனின் கண்ணாடியைத் துடையுங்கள். பாதிப் படங்கள் அதிலேயே தெளிந்துவிடும். இரண்டாவது, முழங்காலில் நில்லுங்கள். மேலிருந்து எடுத்தால் பிள்ளையின் உச்சந்தலைதான் வரும். கூட்டப் படத்துக்குக் கிட்டப் போகாமல் பின்னுக்கு வாங்கோ, ஓரத்தில் நிற்கிற பெரியம்மாவின் முகம் இழுபடாது.

கேள்வி: மூண்டு பேராச் சேர்ந்து படம் எடுக்கக் கூடாதெண்டு மாமி சொல்லுறா. உண்மையா? – அச்சுவேலி

பதில்: மாமியையும் கூப்பிட்டு நடுவில் இருத்துங்கள். கணக்கும் சரி, படமும் நிறைவு.

கேள்வி: பதினாலு வயது மகள் வரமாட்டன் எண்டு நிக்கிறாள். – திருநெல்வேலி

பதில்: எடுத்த படம் முகநூலுக்குப் போகும் என்று அவளுக்குப் பயம். அவள் சம்மதிக்காமல் ஒரு படமும் வெளியே போகாது என்று வாக்குக் கொடுங்கள், கொடுத்ததைக் காப்பாற்றுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் இதுதான்: குளிக்கிற படமும், பாடசாலைப் பெயர் தெரிகிற சீருடைப் படமும் வீட்டோடு இருக்கட்டும்.

கேள்வி: எங்கட சின்ன வயதுப் படம் ஒண்டும் இல்லை. இடப்பெயர்வில எல்லாம் போட்டுது. பிள்ளையளுக்கு எதைக் காட்டுறது? – கோண்டாவில்

பதில்: 1995 ஒக்டோபர் 30இல் யுத்தத்துக்குப் பயந்து வலிகாமமே வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தால் போனபோது, பிள்ளையைத் தூக்கினவர்களுக்கு அல்பத்தைத் தூக்கக் கை மிஞ்சவில்லை. உங்களைப் போல எத்தனையோ வீடுகள். ஆனால் தேடாமல் விடாதீர்கள். அதற்கு முதல் கடிதத்துக்குள் வைத்து லண்டனுக்கும் சுவிசுக்கும் அனுப்பிய பிறந்தநாள் படங்கள், கலியாணப் படங்கள் அங்கே யாரோ ஒரு மாமாவின் பெட்டிக்குள் கிடக்கும். கேளுங்கள். அல்பத்தோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாமென்று சொல்லுங்கள். அப்படியே யன்னலோரம் வைத்து, பிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து போனால் எடுத்து அனுப்பட்டும்.

இனி எடுக்கிறவற்றையும் போனுக்குள் மட்டும் விட்டுவைக்காமல் வருடத்துக்குச் சிலவற்றையாவது அச்சடித்து, இரண்டு வீடுகளில் வையுங்கள். பின்பக்கம் பெயர், ஊர், வருடம் எழுதுங்கள். குமிழ்முனைப் பேனையால் அழுத்தினால் முன்பக்கத்து முகத்தில் கோடு விழும், கவனம்.

கேள்வி: எங்கட குடும்பப் படம் ஒண்டிலயும் நான் இல்லை. எடுக்கிறதே நான்தானே! – பருத்தித்துறை

பதில்: போனைக் கதிரையில் சாய்த்து, பத்துச் செக்கன் நேரம் வைத்துவிட்டு ஓடிப் போய் நில்லுங்கள். நீங்கள் ஓடி வருவதைப் பார்த்தே பிள்ளைகள் சிரிப்பார்கள். அது சரிவராவிட்டால், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிற பக்கத்து வீட்டுப் பெடியனைக் கூப்பிடுங்கள். முடிந்ததும் அவனுக்குத் தேத்தண்ணியும் வடையும் கொடுத்து, அவனையும் இருத்தி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.