கூவுற தடி

வா கண்ணு, திண்ணையில உக்காரு. தோள்ல என்ன அது, ஒட்டடைக் குச்சியா? அப்பாயி கண்ணுல படாம ஓரமா வை. பட்டுச்சுன்னா, பரண்ல இருக்கற நூலாம்படையெல்லாம் உன்னையே அடிக்கச் சொல்லிருவா.

மெட்டல் டிடெக்டரா! அப்படிச் சொல்லு. காரவள்ளியிலருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவும் இதை மடியில கட்டிக்கிட்டா வந்தே? ஞாயித்துக்கிழமையானா மெரினாவுல மணலைத் தடவப் போறியாமே. மோதிரம், கம்மல், காசு. நல்ல வெள்ளாமைதான். நம்ம அரியூர் நாட்டுல மிளகுக்கொடி நட்டவன் காய் பாக்க மூணு நாலு வருசம் காத்துக் கெடக்கறான். நீ தடவுன உடனே அறுவடை.

எப்படிக் கூவுதுன்னு சொன்னியே, கேட்டுக்கிட்டேன். தட்டுக்குள்ள கம்பிச் சுருள் இருக்குது, அது மண்ணுக்குள்ள காந்த வீச்சை விடுது, உள்ள உலோகம் கெடந்தா அதுல மின்சாரம் சுத்தி பதில் வீச்சு வருது, அதைக் கேட்டு மிஷின் கூவுது. சரி. தங்க மோதிரத்துக்கும், டின் சோடா வாயிலருந்து பிச்சுப் போட்ட அலுமினிய வளையத்துக்கும் அது ஏறக்கொறைய ஒரே குரல்லதான் கூவுமாமே? அப்ப ரெண்டையும் நீதானே தோண்டணும்? நம்மூரு கோடாங்கிகூட உடுக்கையடிச்சு முடிச்சதும் ஆணா பொண்ணான்னு ஏதாச்சும் ஒண்ணைச் சொல்லிருவான். உன் மிஷினு அதுகூடச் சொல்லாது. ஆழமும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் முன்னப் பின்ன. தங்கமோ மணலைப் போல பல மடங்கு கனம். அலை அலசற மணல்ல அது கீழே கீழேதான் போகும்.

ஈர மணல்ல இன்னும் கூத்து. உப்புத்தண்ணி மின்சாரம் கடத்தும். அதனால சாதா மிஷினு ஒண்ணுமில்லாததுக்கே ஒப்பாரி வைக்கும். தெக்க மணவாளக்குறிச்சிப் பக்கம் போனா கருமணலு, அதுல இரும்பு கலந்த தாது. சரி, கடல் வேண்டாம், தாத்தன் மலையிலயே தடவிப் பாக்கறேன்னு சொல்லுவே. தடவு. மேட்டூரு அலுமினியக் கம்பெனிக்கு பாக்சைட்டு வெட்டி லாரி லாரியா ஏத்திட்டுப் போன மலை இது. அந்தச் செம்மண்ணோட செவப்பே இரும்புத் துருதான். இங்க உன் மிஷினு கூவறது நின்னாத்தான் அதிசயம்.

இதுக்கு வெக்கப்படாத. டெலிபோன் கண்டுபிடிச்ச கிரகாம் பெல்லே இதுல ஏமாந்தவரு. 1881ல அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருத்தன் சுட்டுட்டான். உடம்புக்குள்ள குண்டு எங்கேன்னு பாக்க பெல்லு இந்த மாதிரி மிஷின் ஒண்ணு செஞ்சு எடுத்துட்டு வந்தாரு. குண்டு ஆம்படல. படுக்கையில இருந்த இரும்புக் கம்பிச் சுருளு மிஷினைக் குழப்பிருச்சுன்னு அப்புறம் பேசிக்கிட்டாங்க. கார்ஃபீல்டு செப்டம்பர்ல செத்துப் போனாரு. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. சோளக்காட்டு டீக்கடையில போண்டா மடிச்ச பேப்பரைக்கூட படிச்சுட்டுத்தான் கசக்குவேன்.

காசுதான் வேணும்னா உனக்கு எதுக்கு மிஷினு? ஆத்துப் பாலத்தடியில பசங்க காந்தத்தைக் கயித்துல கட்டி வீசறதைப் பாத்திருக்கேன். பஸ்ஸுலருந்து சனம் கும்பிட்டுப் போடற இந்தக் காலத்து ரூவா எஃகுக்காசு, காந்தத்துல கப்புனு ஒட்டிக்கும். முதலீடு ஒரு முழக் கயிறு. ஆந்திராவுல காக்கிநாடா பக்கம் உப்பாடாவுல 2020 நவம்பர்ல நிவர் புயலடிச்சு ஓஞ்சப்ப, பொடிப் பொடியாத் தங்கம் ஒதுங்குதுன்னு ஊரே கரைக்கு ஓடுச்சு. கையாலதான் மணலைக் கிளறுனாங்க. புயலு மேல் மணலை வாரிக்கிட்டுப் போயிருச்சுன்னா கனமானது அங்கயே கெடக்கும். ஆகவே புயலடிச்ச மறுநாள் போ. மழையில நனஞ்சு சளி புடிச்சா அப்பாயி கசாயம் தருவா.

பழங்காசு ஆசையும் இருக்கா? கரூர்ல அமராவதி ஆத்து மணல்ல சேரர் காசு ஏகப்பட்டது ஆம்பட்டிருக்கு. அதுல சிலதுல 'கொல்லிப்புறை'ன்னு பழந்தமிழ் எழுத்து. நம்ம மலை பேரு! ஓரி ஆண்ட மலையில பொறந்தவன் நீ. அந்தப் பேரு போட்ட காசு கரூர் ஆத்துல கெடக்குது, நீ மெரினாவுல சோடா மூடி தோண்டறே.

ஆனா ஒண்ணு. 1878ல வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டம் இன்னும் உசுரோட இருக்குது. மண்ணுக்குள்ள மறைஞ்சு கெடந்தது 10 ரூவாய்க்கு மேல பெறும்னா கலெக்டருக்கு எழுதிக் கொடுக்கணும். 10 ரூவா, கண்ணு! இன்னைக்கு ஒரு டீக்குப் பத்தாது. சொந்தக்காரன் எவனும் வரலன்னா எடுத்தவனுக்கு முக்கால் பங்கு, நெலத்துக்காரனுக்குக் கால் பங்கு. அரசாங்கமே வேணும்னு கேட்டா வெலை கொடுத்து எடுத்துக்கும். அமுக்கிட்டேன்னா பங்கும் போச்சு, ஒரு வருசம் வரைக்கும் உள்ள கெடக்கலாம். கடற்கரையில போன மோதிரம் புதையல்கூட இல்ல. ஏதோ ஒரு பொண்ணு அலையில கால் நனைக்கப் போயி அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போன மோதிரம் அது. கண்டெடுத்தவன் பத்திரமா வெச்சிருந்து உடையவங்களைத் தேடணும்னு 1872ம் வருசத்து ஒப்பந்தச் சட்டம் சொல்லுது.

மூஞ்சி ஏன் சுருங்குது? இங்கிலாந்துல ஹாக்சன்னு ஒரு கிராமம். 1992ல ஒரு குடியானவனோட சுத்தியல் காட்டுல தொலைஞ்சு போச்சு. சிநேகிதன் ஒருத்தன் இதே மாதிரி தடியோட தேடப் போனான். ரோமானியர் காலத்துக் காசு, தங்கமும் வெள்ளியுமா, 15,000க்கு மேல கெடைச்சுது. அந்த ஆளு மேல மேல தோண்டல. கைய எடுத்துட்டு அதிகாரிக்குச் சொல்லிட்டான். தொல்லியல்காரங்க வந்து ஒழுங்கா எடுத்தாங்க. பதினேழரை லட்சம் பவுண்டு சன்மானம், அதைக் குடியானவனோட பங்கு போட்டுக்கிட்டான். சுத்தியலும் கெடைச்சுது, அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்குது.

அதனால சொல்றேன், வாங்குன தடி சும்மா கெடக்க வேண்டாம். போன ஐப்பசி மழையில என் கொத்தருவா பலாமரத்துக்கும் காப்பிச் செடிக்கும் நடுவுல எங்கயோ விழுந்துருச்சு. நல்ல இரும்பு, எங்கப்பன் அடிச்சு வாங்குனது. கஞ்சியக் குடிச்சுட்டு அந்தப் பக்கம் ஒரு சுத்துத் தடவிட்டு வா. பானை கீனை வந்தா அப்படியே மூடிட்டு நாமக்கல் கலெக்டருக்குச் சொல்லி விடு. அருவா வந்தா மட்டும் என்கிட்டக் கொடு.